சின்ன வகுப்புகளில் பாட்டும் கதையும்: தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்



பள்ளிக்கூடத்துக்கு முதன்முதலாக வரும் ஐந்து வயதுக் குழந்தைக்கு எழுத்து தெரியாது. ஆனால் பாட்டும் கதையும் தெரியும். தாலாட்டு காதில் விழுந்திருக்கும். அக்காவோ அத்தையோ உள்ளங்கையில் முழங்கையால் பருப்புக் கடைந்து, விரல் விரலாகச் சோறு பங்கிட்டு, நண்டும் நரியுமாகக் கையில் ஏறி அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டியிருப்பார்கள். அந்த விளையாட்டில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. விரல் அக்குளைத் தொடுவதற்கு முன்பே, முழங்கையைத் தாண்டும்போதே குழந்தை சிரிக்கத் தொடங்கிவிடும். அடுத்து என்ன வரும் என்பது அதற்குத் தெரியும். தெரிந்தது தெரிந்தபடியே வருவதில்தான் அந்த வயதின் இன்பம் இருக்கிறது. முடிந்ததும் கையை மறுபடி நீட்டும்.

வகுப்பறை நடப்பது இதற்கு நேர் எதிரான வழியில். பாடநூலில் ஒரு பாட்டு வருகிறது. ஒரு நாள் படிக்கப்படுகிறது, அருஞ்சொற்பொருள் கரும்பலகையில் ஏறுகிறது, கோடிட்ட இடம் நிரப்பப்படுகிறது, அடுத்த பாடம் திறக்கப்படுகிறது. கதைக்கும் இதே கதிதான்; கூடுதலாக ஒரு நீதி. பருவத்துக்குள் பாடங்களை முடித்தாக வேண்டும் என்ற நெருக்கடி உண்மையானது. அந்த நெருக்கடியில் முதலில் பலியாவது திரும்பச் சொல்லுதல். பாட்டும் நாட்டுப்புறக் கதையும் சின்னப் பிள்ளைகளிடம் வேலை செய்வதே திரும்பத் திரும்பச் சொல்லப்படும்போதுதான்.

முதலில் பாட்டு. பாட்டு பிள்ளைகளை மகிழ்விக்கும் என்பதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். அதைவிட நேரடியான பயன் ஒன்று அதற்கு உண்டு. படிக்கக் கற்பதற்கு முன், பேச்சு என்பது துண்டு துண்டான ஒலிகளால் ஆனது என்பதைக் காது கண்டுபிடித்தாக வேண்டும். இங்கிலாந்தில் லினெட் பிராட்லி, பீட்டர் பிரையன்ட் என்ற இரு உளவியலாளர்கள் நான்கைந்து வயதுக் குழந்தைகளைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1983-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒலி ஒத்த சொற்களையும் ஒரே ஒலியில் தொடங்கும் சொற்களையும் இனங்காணத் தெரிந்த பிள்ளைகள் பின்னாளில் நன்றாகப் படித்தார்கள். ஒலிப் பயிற்சியோடு எழுத்தையும் சேர்த்துக் காட்டியபோது பலன் இன்னும் கூடியது.

இந்த ஆய்வை அப்படியே தமிழ் வகுப்புக்குக் கொண்டுவர முடியாது. ஆங்கிலக் குழந்தைப் பாட்டில் ஒலி ஒப்புமை பெரும்பாலும் அடியின் கடைசியில் நிற்கும். தமிழில் இயைபும் உண்டு என்றாலும், பாட்டைத் தாங்குபவை எதுகையும் மோனையும். மோனை முதலெழுத்தைக் காதில் போடுகிறது. எதுகை இரண்டாம் எழுத்தைப் போடுகிறது. முதல் எழுத்தின் அளவு ஒத்திருந்தால்தான் எதுகை அமையும் என்ற விதியால் குறில் நெடில் வேறுபாடும் சேர்ந்தே பழகுகிறது. பட்டு, தட்டு, மொட்டு, சிட்டு என்று ஒரு வரிசை சொல்லிவிட்டு இடையே ‘பாட்டு’ என்று நுழைத்தால், நாலு பாட்டு நன்றாகப் பாடிப் பழகிய ஒன்றாம் வகுப்புக் காது ஏதோ இடிக்கிறது என்று சொல்லிவிடும். இடிப்பதற்கு இலக்கணப் பெயர் தெரிய வேண்டியதில்லை. 247 எழுத்துகளில் 216 உயிர்மெய். ஒரு மெய்யோடு பன்னிரண்டு உயிரும் ஏறும் அந்தக் கட்டமைப்பைக் கட்டம் போட்ட அட்டையில் காட்டுவதற்கு முன்பு காதுக்குக் காட்டிவிட்டால் அட்டைக்கு வேலை குறையும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. கைப்பேசியில் கிடைக்கும் காணொளிப் பாட்டுகள் பலவற்றில் மெட்டு முதலில் பிறக்கிறது, சொல் பிறகு திணிக்கப்படுகிறது. மெட்டுக்காகக் குறில் நீளும், நெடில் சுருங்கும். ‘படம்’ ‘பாடம்’ ஆகும், ‘கல்’ ‘கால்’ ஆகும். குறில் நெடிலில் தடுமாறும் பிள்ளைக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை. ஆசிரியருக்குக் குரல்வளம் இல்லாவிட்டால் குடி முழுகிவிடாது. தாளத்தோடு, கை தட்டி, சொல் சிதையாமல் சொன்னாலே போதும். லகர, ளகர, ழகரங்களும் ரகர, றகரங்களும் ஆசிரியர் நாவில் பிரிந்து ஒலித்தால்தான் பிள்ளையின் காதில் பிரிந்து விழும். அதனால் பாட்டு வேளையில் ஒலிபெருக்கியைவிட ஆசிரியரின் வாயையே பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பது நல்லது.

ஒரு பாட்டை எப்படி அறிமுகப்படுத்துவது? புத்தகம் மூடியே இருக்கட்டும் என்பது அனுபவப்பட்ட ஆசிரியர்கள் பலர் கடைப்பிடிக்கும் வழி. முதல் நாள் ஆசிரியர் மட்டும் இரண்டு மூன்று முறை பாடுவார். மறுநாள் அடியின் கடைசிச் சொல்லைப் பிள்ளைகளுக்கு விட்டுவிடுவார். அதை அவர்கள் பிடித்துக்கொள்வார்கள். அடுத்தடுத்த நாள்களில் பாதி வகுப்பு ஓரடி, மறுபாதி அடுத்த அடி. பிறகுதான் புத்தகம். அதற்குள் பாட்டு வாயில் இருக்கும். கண் தேட வேண்டியதெல்லாம் வாய்க்குத் தெரிந்த சொல் தாளில் எங்கே இருக்கிறது என்பதை மட்டுமே. விரல் வைத்துச் சொல் சொல்லாகத் தொட்டுப் பாடும்போது, தெரியாத எழுத்தைத் தெரிந்த ஒலியிலிருந்து பிள்ளையே ஊகித்துக்கொள்ளும். எழுத்துக்கூட்டி முக்கி முனகிப் பாட்டைப் படிக்க வைத்தால், பாட்டும் கிடைப்பதில்லை, எழுத்தும் கிடைப்பதில்லை.

பொருள் சொல்வதற்காகப் பாட்டை நிறுத்துவதும் தேவையற்றது. யாழ்ப்பாணத்து நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் (1878–1953) கத்தரித் தோட்டத்தில் நிற்கும் வெருளியைப் பற்றிக் குழந்தைகளுக்குப் பாடியிருக்கிறார். தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு வெருளி என்ற சொல் புதிது. சோளக்கொல்லை பொம்மை தெரியும். ஒரு பிள்ளையை இரு கை விரித்து அசையாமல் நிற்க வைத்து மற்றவர்கள் சுற்றி நின்று பாடினால் சொல்லின் பொருள் தானே நின்றுகொண்டிருக்கும். அபிநயம் பிள்ளைகளிடமிருந்து வரும்போது இப்படிப் பயன்படுகிறது. முப்பது பேரும் ஒரே மாதிரிக் கையை ஆட்டும் ஆண்டுவிழா அபிநயம் வேறு வகை. அதில் கவனமெல்லாம் கையிலேயே நிற்கும்.

தமிழில் குழந்தைப் பாட்டுக்குப் பஞ்சமில்லை. கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை (1876–1954) பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவருடைய எளிய சந்தங்கள் வகுப்பறைக்கென்றே பிறந்தவை போல இருக்கும். அழ. வள்ளியப்பா (1922–1989) வங்கிப் பணியில் இருந்துகொண்டே வாழ்நாள் முழுக்கக் குழந்தைகளுக்காக எழுதினார். 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவாவதற்கு முன்னின்றார். ஈசாப் கதைகளையும் பாட்டாக்கினார். குறை வேறிடத்தில் இருக்கிறது. பாடநூலுக்குத் தேர்ந்தெடுக்கும்போது சுத்தம், ஒற்றுமை, மரம் வளர்ப்பு என்று அறிவுரை சொல்லும் பாட்டுகளே முன்வரிசைக்கு வந்துவிடுகின்றன. வெறும் வேடிக்கைப் பாட்டு, தலைகீழ்ப் பாட்டு, பொருளே இல்லாத ஒலிப் பாட்டு ஆகியவற்றுக்கு இடம் குறைவு. ருஷ்ய எழுத்தாளர் கர்னேய் சுக்கோவ்ஸ்கி, ‘இரண்டு முதல் ஐந்து வரை’ என்று பெயர் பெற்ற தம் நூலில் இந்தத் தலைகீழ்ப் பாட்டுகளுக்காகத் தனியே வாதாடினார். யானை மரமேறுகிறது என்று கேட்டுச் சிரிக்கும் குழந்தைக்கு யானை மரமேறாது என்பது உறுதியாகத் தெரிந்திருக்கிறது. அந்தத் தெரிதலைச் சோதித்துப் பார்ப்பதே சிரிப்பு என்பது அவர் கட்சி. வாரம் ஒரு வேடிக்கைப் பாட்டாவது வகுப்பில் ஒலிக்க இதுவே போதுமான நியாயம்.

மனப்பாடம் என்ற சொல்லுக்கே இன்று கெட்ட பெயர். அதற்குக் காரணம் உண்டு. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் எழுதிய பிள்ளை எண்சுவடியையும் நீதிநூல்களையும் பிரம்புக்குப் பயந்து உருப்போட்டது. ஆனால் அந்த மரபிலும் ஒரு சூட்சுமம் இருந்தது. ஔவையாரின் ஆத்திசூடி நெடுங்கணக்கு வரிசையில் நடக்கிறது. அடிகளை ஒப்பிக்கும் பிள்ளைக்கு எழுத்து வரிசை தானாகவே நினைவில் அமர்ந்துவிடும். பிரம்பைத் தூக்கி எறிந்ததோடு இந்தச் சூட்சுமத்தையும் எறிந்துவிட்டார்கள். விரும்பிப் பலமுறை பாடியதால் மனத்தில் தங்குவதும், அடிக்குப் பயந்து தங்குவதும் வேறு வேறு. முதலாவதைத் தவிர்க்க எந்தக் கல்விக் கொள்கையும் சொல்லவில்லை.

இனி, கதை. நாட்டுப்புறக் கதைகளில் சின்ன வகுப்புக்கு மிகப் பொருத்தமானவை சங்கிலிக் கதைகள். நாட்டார் வழக்காற்றியலில் உலகக் கதைகளுக்கு எண் கொடுத்து வகைப்படுத்தும் ஆர்னே–தாம்சன் அட்டவணை இவற்றுக்கு 2000-இலிருந்து தனி வரிசையே ஒதுக்கியிருக்கிறது. தமிழில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று, தன் பெயரை மறந்துபோன ஈயின் கதை. வீட்டு வேலை மும்முரத்தில் ஈக்குத் தன் பெயர் மறந்துவிடுகிறது. கன்றுக்குட்டியிடம் கேட்கிறது, அதற்குத் தெரியவில்லை, தாயைக் கேள் என்கிறது. தாய் மேய்ப்பவரைக் கைகாட்டுகிறது, அவர் தம் கோலை, கோல் மரத்தை. இப்படிக் கொக்கு, குளம், மீன் என்று போய்க்கொண்டே இருந்து, கடைசியில் குதிரை கனைக்கிற கனைப்பில் ஈக்குத் தன் பெயர் கிடைத்துவிடுகிறது.

இந்தக் கதையில் ஒரு பாடத்திட்டமே அடங்கியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஈ புதிய ஆளிடம் பேசும்போது பழைய ஆட்களையெல்லாம் வரிசையாகச் சொல்லித்தான் கேட்க வேண்டும். ஆகவே நினைவு நீண்டுகொண்டே போகிறது. வேற்றுமை உருபுகள் ஓயாமல் வருகின்றன: கன்றின் தாய், மரத்தில் கொக்கு, குளத்தில் மீன். எது எதைச் சார்ந்தது என்ற உலக அறிவும் வந்துவிடுகிறது. இவ்வளவும் இருந்தும் ஒரு நீதிகூட இல்லை.

வகுப்பில் இது நடப்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். முதல் நாள் ஆசிரியர் சொல்கிறார். குதிரை கனைத்ததும் வகுப்பே கனைக்கிறது. மறுநாள் ‘என்ன கதை வேண்டும்’ என்றால் அதே கதைதான். இம்முறை ஆசிரியர் வேண்டுமென்றே மரத்தை விட்டுவிட்டுக் கோலிலிருந்து கொக்குக்குத் தாவுகிறார்; பத்துக் குரல்கள் தடுக்கின்றன. அந்தத் தடுப்பே அவர்கள் கதையைக் கவனித்தார்களா என்பதற்கான தேர்வு. மூன்றாம் நாள் ஆளுக்கொரு வேடம். மிகக் கூச்சமுள்ள பிள்ளை குளமாக நிற்கலாம், ஒரே ஒரு வாக்கியம் பேசினால் போதும். நான்காம் நாள் ஒவ்வொரு பாத்திரமும் ஓர் அட்டையில் படமாக வருகிறது, அடியில் பெயர். தரையில் பரப்பி வரிசைப்படுத்துகிறார்கள். அப்புறம் படம் போய்ப் பெயர் மட்டும் நிற்கிறது. அதற்கடுத்த வாரம் ஆசிரியர் கேட்கிறார்: நம்ம ஊரில் ஈ யார் யாரிடம் போயிருக்கும்? கடலோரப் பள்ளியில் படகு வரும், மலையடிவாரத்தில் பலாமரம் வரும், திருப்பூரில் பனியன் கம்பெனி வரும். பிள்ளைகள் சொல்லச் சொல்ல ஆசிரியர் எழுதினால், அந்த வகுப்புக்கென்று ஒரு வாசிப்பு நூல் கையில் இருக்கும்.

ஒரே கதை இரண்டு மூன்று வாரம் ஓடினால் மற்றப் பாடங்கள் என்னாவது என்ற கேள்வி எழும். கேட்டல், பேசல், படித்தல், எழுதல் நான்கும் அந்த ஒரு கதைக்குள்ளேயே நடந்து முடிகின்றன. வாரத்துக்கு ஐந்து புதுக் கதை சொன்னால் நடப்பது கேட்டல் மட்டும்.

கதை சொல்லும் மொழி பற்றிப் பலருக்கும் தயக்கம் இருக்கிறது. பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் உள்ள இடைவெளியை ஒன்றாம் வகுப்புப் பிள்ளை தன்னந்தனியே தாண்ட வேண்டியிருக்கிறது. வீட்டில் ‘வந்துச்சு’, புத்தகத்தில் ‘வந்தது’. பிள்ளை கதை சொல்லும்போது குறுக்கிட்டு ‘வந்தது என்று சொல்’ எனத் திருத்தினால் கதை அங்கேயே நின்றுபோகும். அடுத்த முறை அந்தப் பிள்ளை வாய் திறக்காது. வாயால் சொல்லும்போது ஊர்ப் பேச்சு, தாளில் எழுதும்போது எழுத்து நடை என்று ஆசிரியரே இரண்டையும் செய்து காட்டினால், இரண்டும் ஒரே கதையின் இரு உடைகள் என்பது பிள்ளைக்குப் பிடிபடும். இடைசெவல் கி. ராஜநாராயணன் (1923–2021) பேச்சு மொழியிலேயே கதைகளை எழுதியும், நாட்டுப்புறக் கதைகளைப் பெருந்தொகுப்பாகத் திரட்டியும், வட்டாரப் பேச்சுக்கு இலக்கியத் தகுதி உண்டு என்பதை நிறுவிவிட்டார். வகுப்பறை அதற்குப் பிறகும் கூச்சப்பட வேண்டியதில்லை. (அவர் தொகுத்தவற்றில் பெரியவர்களுக்கான கதைகளும் உண்டு, அப்படியே எடுத்து வாசித்துவிடக் கூடாது.)

வீட்டில் தெலுங்கோ, உருதோ, சௌராஷ்டிரமோ, இருளரின் மொழியோ, வேலை தேடி வந்த குடும்பங்களின் இந்தியோ ஒடியாவோ பேசும் பிள்ளைகளுக்குச் சங்கிலிக் கதை இன்னும் உதவும். ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வருவதால் பத்தாவது முறையில் அவர்களும் சேர்ந்து சொல்வார்கள். அவர்கள் பாட்டி சொன்ன கதையையும் கேட்டு வாங்கலாம். காக்கையும் நரியும், குரங்கும் முதலையும் எந்த மொழி எல்லையிலும் நின்றுவிட்டவை அல்ல என்பதை வகுப்பு தானே கண்டுகொள்ளும்.

கதையை மொழிப் பாடமாக்குவது தமிழுக்குப் புதிதும் இல்லை. வீரமாமுனிவர் எழுதிய பரமார்த்த குருவின் கதை, தமிழ் கற்கும் ஐரோப்பியர்களுக்குப் பேச்சு நடையைப் பழக்கப் பயன்பட்டது. 1822-இல் இலண்டனில் அச்சானது. சென்னைக் கல்விச் சங்கத்தில் தமிழாசிரியராக இருந்த தாண்டவராய முதலியார் 1826-இல் பஞ்சதந்திரத்தை மராத்தியிலிருந்து உரைநடையில் தந்தார். இந்தியப் பள்ளிக்கூடத்துக்குள் கதையை முதற்பாடமாகவே வைத்துப் பார்த்தவர் குஜராத்தின் கிஜுபாய் பதேகா (1885–1939). அவருடைய ‘பகற்கனவு’ நூலில் வரும் ஆசிரியர், அடங்காத நாலாம் வகுப்பைக் கதை சொல்லித்தான் வசப்படுத்துகிறார். மற்ற ஆசிரியர்கள் கேலி செய்கிறார்கள். தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் கதையையும் பாட்டையும் பொம்மலாட்டத்தையும் அன்றாட வகுப்புக்குள் கொண்டுவந்ததால், இன்று அப்படிக் கேலி செய்வோர் குறைவு. பதிவேடுதான் கூடிவிட்டது என்று ஆசிரியர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

எந்தக் கதை வேண்டாம் என்பதும் பேசப்பட வேண்டியது. நாட்டுப்புறக் கதைகள் அவை பிறந்த சமூகத்தின் அழுக்கையும் சுமந்தே வருகின்றன. கொடுமைக்காரச் சிற்றன்னை, சாதிப் பெயர் சொல்லிச் செய்யும் கேலி, உடற்குறையைச் சிரிப்பாக்குதல், அடங்காத மருமகளுக்குத் தண்டனை எல்லாம் அவற்றில் உண்டு. வகுப்பில் சிற்றன்னையோடு வாழும் பிள்ளை உட்கார்ந்திருக்கலாம். இத்தகைய கதைகளின் முடிவை வெட்டி ஒட்டி நல்லதாக்குவதைவிட வேறு கதையை எடுப்பதே நேர்மை. அதேசமயம், ஓநாய் ஆட்டைத் தின்றது என்பதைக்கூட மாற்ற வேண்டும் என்ற அளவுக்குப் போகத் தேவையில்லை. ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது கதைக்குள் பயப்படுவதைப் பிள்ளைகள் விரும்பவே செய்கிறார்கள்.

அடுத்தது நீதி. பாட்டி வடை சுட்ட கதையைக் கேட்ட பிள்ளையிடம் ‘இக்கதை உணர்த்தும் நீதி யாது?’ என்றால் புகழ்ச்சிக்கு மயங்கக் கூடாது என்ற ஒரே விடைதான் செல்லும். ஆனால் ஏழு வயதுப் பிள்ளைக்கு உறுத்துவது வேறு: வடை பாட்டியுடையதல்லவா, அவளுக்கு யார் காசு கொடுப்பார்கள்? இந்தக் கேள்விக்கு விடைத்தாளில் இடமில்லை. நீதி கேட்காமல், காக்கா பாட்டியிடம் என்ன சொல்லியிருக்கும், நரி மறுநாளும் வந்தால் என்ன நடக்கும் என்று கேட்டால் பேச்சு அரைமணி நேரம் ஓடும். அந்தப் பேச்சில் நீதியும் தானே வந்து போகும்.

மதிப்பீட்டுக்குத் தனித்தாள் வேண்டியதில்லை. யார் தாளத்தோடு சேர்கிறார், யார் எதுகைச் சொல்லைத் தானே சொல்கிறார், யார் கதையை வரிசை மாறாமல் சொல்கிறார், யார் அட்டையைப் படம் இல்லாமலே இனங்காண்கிறார் என்று நாளுக்கு ஐந்தாறு பிள்ளைகளைக் கவனித்துக் குறித்தால், அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளில் யார் எங்கே நிற்கிறார் என்பது வாரக் கடைசியில் தெரிந்துவிடும். ஈராசிரியர் பள்ளிகளில் மூன்று வகுப்பும் ஒன்றாக உட்காருவது கதைக்கு வசதிதான்: ஒன்றாம் வகுப்பு கேட்டு நடிக்கும், இரண்டாம் வகுப்பு அட்டை அடுக்கும், மூன்றாம் வகுப்பு எழுதும்.

கதைகளுக்கு எங்கே போவது என்று கேட்டால், சத்துணவுக் கூடத்திலிருந்தே தொடங்கலாம். சமைக்கும் அக்கா, பேரனைக் கூட்டிப்போக வரும் பாட்டி, ஆடு மேய்த்துக்கொண்டு பள்ளிச் சுவரோரம் நிற்கும் தாத்தா எல்லோரிடமும் இரண்டு கதையாவது இருக்கும், நாலு விடுகதையாவது இருக்கும். மாதம் ஒரு நாள் அவர்களை வகுப்புக்கு அழைத்துச் சொல்லச் சொல்லலாம். சொன்னவர் சம்மதத்தோடு அவர் பெயர், ஊர், சொன்ன நாள், யாரிடம் கேட்டது என்ற விவரங்களுடன் அவர் சொன்ன சொல் மாறாமல் ஒரு நோட்டில் எழுதி வைத்தால், மாறுதலாகி வரும் அடுத்த ஆசிரியருக்கும் அது உதவும்.